மெழுகா, கொழுப்பா, எண்ணெயா: வாய்வழித் துப்பாக்கியின் ஈயக் குண்டுக்கு எதைப் பூசலாம்?

என் அக்கா மகன் பிரான்சில் மெட்ஸ் நகரத்தில் இருக்கிறான். போன மாதம் ஒரு என்ஃபீல்டு துப்பாக்கி வாங்கிவிட்டான். 1853ஆம் ஆண்டு மாதிரியைப் பார்த்து இத்தாலியில் செய்த நகல். மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டுக் கோலால் கெட்டிக்கிற ரகம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான்.

"மாமா, குண்டு வார்க்கக் கத்துக்கிட்டேன். அதுமேல என்னத்தத் தடவுறது? கிளப்புல பத்து பேரு பத்து விதமா சொல்றாங்க."

பத்து பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும். யார் எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தக் குண்டை வைத்துச் சுட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அவனுக்குப் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். புதுச்சேரியில் என்னைப் போன்ற சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கருமருந்துப் புகைக்குள் நிற்கிறவர்களாக இருப்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1900க்கு முந்தைய மாதிரித் துப்பாக்கிகளில் பலவற்றை வயது வந்த ஒருவர் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அதனால் துப்பாக்கி, குண்டு, மருந்து எல்லாமே எனக்கு அங்கேதான். ஜூனில் மகள் வீட்டுக்குப் போனால் செப்டம்பர் வரை சுடுவேன். புதுச்சேரியில் இருக்கிற மாதங்களில் மெழுகையும் கொழுப்பையும் உருக்கிக் கலந்து பார்ப்பது மட்டும்தான்.

சரி, பூச்சு எதற்கு? வழவழப்புக்காக, குண்டு வேகமாக ஓடுவதற்காக என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இந்த ரகத் துப்பாக்கியில் அது இரண்டாவது வேலை. கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அது எரியும்போது பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே நிற்கிறது. அதில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியே போகும். மீதி குழலின் உள்சுவரில் கசடாக ஒட்டும். அடுத்த குண்டை அந்தக் கசடு வழியாகத்தான் மேலிருந்து கீழே இறக்க வேண்டும். கசடு இளகி இருந்தால் குண்டே அதைத் துடைத்துக்கொண்டு இறங்கும். இறுகிவிட்டால் கோல் பாதியில் நின்றுவிடும். ஆக, பூச்சின் முதல் வேலை கசடை இளக வைப்பது. எதை வாங்கினாலும், எதைக் கலந்தாலும், "இது என் கசடை இன்றைய வெயிலில் இளக வைக்குமா?" என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கோல் நின்றுபோவது வெறும் தொந்தரவு அல்ல, ஆபத்து. குண்டு மருந்தின்மேல் அழுத்தமாக உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் சரியாக இறங்கிய குண்டுக்குக் கோல் எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே ஒரு கோடு போட்டுவைத்து ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதல் வருடம் ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற பேரிங் கிரீஸைத் தடவினேன். நான்கு குண்டு நன்றாக இறங்கியது. ஐந்தாவது, பாதிக் குழலில் நின்றது. மேலே தள்ளினாலும் வரவில்லை, கீழே குத்தினாலும் போகவில்லை. திருகு முனை போட்ட கோலால் அந்த ஈயத்தைத் துளைத்து இழுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றிக் கழுவியபோது தார்ச் சாலையில் ஒட்டுகிற கருப்புப் பிசின் போல ஒன்று துணியில் வந்தது. கருமருந்தின் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய்கள் பல இப்படித்தான் ஆகின்றன. வீட்டில் ஏற்றுகிற சாதாரண மெழுகுவத்தியும் பெட்ரோலியத்தில் வந்த பாரஃபின்தான். அதை நான் சேர்ப்பதில்லை. வாஸ்லினை மட்டும் ஒரே தட்டில் வைத்துத் திட்ட மாட்டேன். அது நன்றாகச் சுத்திகரித்தது. தேன்மெழுகோடு கலந்து நன்றாகச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேரிங் கிரீஸைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது தேன்மெழுகு, அதோடு சேர்க்கிற ஒரு கொழுப்போ எண்ணெயோ. மெழுகு 62 முதல் 64 டிகிரி வரை உருகாமல் நிற்கும். பூச்சு குண்டின்மேல் வழியாமல் தங்குவது அதனால்தான். ஆனால் மெழுகு மட்டும் போதாது, இறுகிக் கிடக்கும். அதை இளக்கவும் கசடை நனைக்கவும் கொழுப்பு வேண்டும். எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

குண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருமகனிடம் இருப்பது மினியே ரகக் குண்டு. 1849இல் பிரெஞ்சுக்காரர் கிளோத்-எத்தியென் மினியே கொண்டுவந்த யோசனை அது. குண்டு குழலைவிட நூலளவு சிறியதாக இருக்கும். அடியில் குழிவு. சுடும்போது வாயு அந்தக் குழிவை விரித்து, ஈயம் குழலின் உட்புறத்தில் வெட்டிய திருகு வரிகளைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஈயம் மிருதுவாக இருக்க வேண்டும். கலப்பில்லாத ஈயம், 327 டிகிரியில் உருகுவது. குண்டின் இடுப்பைச் சுற்றி ஓடுகிற வளையப் பள்ளங்களைத் தமிஸியே என்ற இன்னொரு பிரெஞ்சு அதிகாரி முதலில் சேர்த்தது காற்றில் குண்டு நேராகப் பறப்பதற்காக. பிறகு அவை பூச்சைத் தாங்கும் பாத்திரமாகிவிட்டன. துணியில் சுற்றிப் போடுகிற உருண்டைக் குண்டின் கதை வேறு. அங்கே பூச்சைத் துணிதான் சுமக்கும். எண்ணெய் போதும், மெழுகே தேவைப்படாது.

பழைய ராணுவப் பக்குவம் எது என்று தேடினால் ஒரே விடை கிடைக்காது. அமெரிக்கப் படை தன் பள்ளம் வைத்த குண்டுக்கு மெழுகு ஒரு பங்கு, மாட்டுக் கொழுப்பு மூன்று பங்கு என்று வைத்திருந்தது. ஆங்கிலேயர்கள் என்ஃபீல்டுக்கு முதலில் கொழுப்பை நிறையவும் மெழுகைக் குறைவாகவும் வைத்துப் பிறகு தலைகீழாக்கி, மெழுகு ஐந்து, கொழுப்பு ஒன்று என்று போனார்கள். வெப்பநாட்டில் கொழுப்பு உருகி ஓடியது ஒரு காரணம். பழசான கொழுப்பில் அமிலம் ஏறி ஈயத்தின்மேல் வெள்ளையாகப் பூத்தது இன்னொன்று. ஆனால் அவர்கள் குண்டு காகிதம் சுற்றியது, குழலைவிட நன்றாகவே சிறியது. அந்தத் தளர்ச்சியில் இறுகிய பூச்சும் ஒத்துப்போகும். நாம் குழலுக்கு நெருக்கமாக அளவெடுத்து வார்த்த குண்டுக்கு அதே கணக்கை அப்படியே எடுத்துப் போட்டால் சரிவராது.

எந்தக் கொழுப்பு என்ற கேள்வி நம் மண்ணில் வெறும் பக்குவக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், இதே என்ஃபீல்டின் தோட்டாக் காகிதத்தில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும். சிப்பாய்கள் தாங்களே பூச்சு வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று பிறகு அனுமதித்தார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. மே 10ஆம் தேதி மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. என் கையில் இதே மாதிரி ஒரு நகலை முதன்முதலாக வாங்கியபோது இந்த நினைப்புதான் வந்தது. நம்மவர்கள் யாராவது மாட்டுக் கொழுப்பையோ, வேறு எந்தக் கொழுப்பையுமோ தொட வேண்டாம் என்று நினைத்தால் அதற்கு முழு நியாயம் உண்டு. அவர்களுக்கான வழியும் கீழே இருக்கிறது, அது மட்டமான வழி இல்லை.

நான் ஆட்டுக் கொழுப்பு எடுப்பேன். பெரிய மார்க்கெட்டில் கறிக்கடைக்காரரிடம், குண்டிக்காயைச் சுற்றி வெள்ளையாக இருக்குமே, அதை மட்டும் கேட்டு வாங்குவேன். செம்மறியாட்டுடையது என்றால் இன்னும் நல்லது, கெட்டியாக உறையும். அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம். கொதிக்கவே கூடாது, ஓரத்தில் முத்து முத்தாக எழும்பினால் போதும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி இரவு முழுக்க விட்டால், காலையில் மேலே வெள்ளை வட்டு மாதிரி உறைந்து மிதக்கும். அதைத் தூக்கித் திருப்பினால் அடியில் பழுப்பாக ஒரு ஏடு ஒட்டியிருக்கும். அந்தப் பழுப்பில்தான் கறிச்சத்தும் நாற்றமும் இருக்கின்றன. கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி உருக்க வேண்டும். இரண்டாம் முறை ஏடு மெல்லிசாக இருக்கும். மூன்றாம் முறை இருக்காது. அந்த வட்டை மூக்கில் வைத்தாலும் வாடை அடிக்காது, விரலில் தேய்த்தால் பிசுபிசுக்காது. உப்பு மட்டும் ஒரு சிட்டிகைகூடப் படக் கூடாது. உப்பு போட்ட வெண்ணெய், பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பு இவற்றையெல்லாம் சிலர் தடவுவார்கள். குழல் துருப்பிடித்துவிடும்.

போன கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பரீட்சை வைத்தேன். மீன்பிடிச் சாமான் கடையில் வலைக்குக் கட்டுகிற ஈயம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைப் பூசி, பழுப்புக் காகிதத்தில் வரிசையாக வைத்தேன். கீழே எழுதியும் வைத்தேன். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது, கொழுப்பு மூன்று பங்கு மெழுகு ஒரு பங்கு போட்டது வழிந்து காகிதத்தில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எண்ணெய் வட்டம் பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியதாகப் பரவியிருந்தது. குண்டின் பள்ளத்தில் இருக்க வேண்டியது இப்படி இறங்கினால், கெட்டித்து வைத்த நேரத்தில் மருந்தை நனைத்துவிடும். சத்தம் குறைந்து குண்டு கீழே விழுகிற மர்மம் பலருக்கு இதனால்தான் வருகிறது. சம பங்கு போட்டது பளபளவென்று இளகியிருந்தாலும் இடத்தை விட்டு நகரவில்லை. டால்டா சம பங்கும் ஏறக்குறைய அப்படியே, ஆனால் விரலை வைத்தவுடன் குழைந்தது. தேங்காயெண்ணெய் போட்டது வேர்த்து முத்து முத்தாக நின்றது. தேங்காயெண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடுவது. அது திடப்பொருளாக நிற்கும் என்று நம்பிக் கலப்பது வீண். நல்லெண்ணெய் வடிவம் மாறாமல் நின்றது, காகிதத்தில் மட்டும் மெல்லிய வட்டம். மெழுகு இரண்டு பங்கு விளக்கெண்ணெய் ஒரு பங்கு போட்டது அசையவே இல்லை.

அதே ஈயங்களை மெட்ஸ் குளிருக்காக ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து நகத்தால் கீறினேன். மாடியில் அசையாத அந்த மெழுகு மிகுந்த கலவை இங்கே கடலைமிட்டாய் போலச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. சம பங்கு கொழுப்பு இறுகியதே தவிர உதிரவில்லை. தேங்காயெண்ணெய் சுண்ணாம்பு மாதிரி பொடிந்தது. அதை அன்றோடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

வெயிலிலும் குளிரிலும் நிற்பது ஒரு பாதி. கசடை இளக வைக்கிறதா என்பதைச் சுட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. இந்த ரகத் துப்பாக்கிக்கான உலகப் போட்டிகளில் 13 குண்டு, 30 நிமிடம், சிறந்த பத்து கணக்கில் சேரும். அந்த அளவையே நானும் வைத்துக்கொள்கிறேன், இடையில் குழலைத் துடைக்காமல். ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் சம பங்கு: பதின்மூன்றும் ஒரே அழுத்தத்தில் இறங்கின. குழலின் வாய் விளிம்பில் கருப்பாக, ஈரமாக, பூ விரிந்தது மாதிரி ஒரு தடம் தெரியும். பூச்சு குழலின் முழு நீளத்துக்கும் போதுமானதாக இருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அது காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தால் பூச்சு பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிரான்சில் ஆலிவ் எண்ணெயும் மெழுகும் கலந்து சுடுகிறவர்கள் அதிகம். என் குழலில் பத்து குண்டு வரை நன்றாக இருந்தது. ஆகஸ்டின் காய்ந்த காற்றில் பதினொன்றாவதுக்குக் கோலை இரண்டு கையால் அழுத்த வேண்டியிருந்தது. ஈரமான நாளில் அதே கலவை குறையே இல்லாமல் ஓடியது. கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது, அதனால் ஈரக்காற்று நமக்குப் பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. காய்ந்த வெயிலில்தான் கலவையின் உண்மையான தரம் தெரியும். விளக்கெண்ணெய் சேர்த்தது அந்த வெயிலிலும் வாய் விளிம்பில் ஈரத் தடத்தை விடாமல் காட்டியது. பாட்டி வயிற்றுக்கும் கண்ணுக்கும் வைத்த அந்த எண்ணெய்க்கு இந்தக் குழலுக்குள் இப்படி ஒரு உபயோகம் இருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கடையில் விற்கிற பூச்சு ட்யூபைப் பற்றியும் அவன் கேட்டான். நேரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிதான். பெட்டியில் கருமருந்துக்கென்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இன்றைய துப்பாக்கிகளின் புகையில்லா மருந்துக்காக, கலப்பு ஈயக் குண்டுக்காகச் செய்த பூச்சுகளும் அதே அலமாரியில் இருக்கும். அவற்றில் பல இறுகியவை, பெட்ரோலியம் கலந்தவை. அங்கே குண்டின் ஈயம் குழலில் ஒட்டாமல் தடுப்பதுதான் கவலை, கசடு கவலையே இல்லை. நான் ட்யூபை எடுக்காததற்குக் காரணம், வெயில் ஏறினால் மெழுகைக் கூட்டவும் குளிர் ஏறினால் குறைக்கவும் அதில் வழியில்லை.

பூசுகிற விதம் எளிது. கலவையை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. தண்ணீர் நிற்கிற பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, குண்டின் மூக்கைப் பிடித்துப் பள்ளங்கள் வரை முக்கி எடுத்து, காகிதத்தில் நிறுத்தினால் போதும். அடிக்குழிவை நிரப்புகிறவர்கள் உண்டு. நான் நிரப்புவதில்லை, வெயிலில் அங்கிருந்துதான் மருந்துக்கு இறங்கும். விளிம்பில் ஒட்டியதைத் துணியால் துடைத்துவிடுவேன். விரலால் தடவுவதும் தவறில்லை, பத்துப் பதினைந்து குண்டுக்கு அதுவே வேகம். இந்தப் பாத்திரங்கள் சமையல் பக்கம் திரும்பக் கூடாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கிடையாது.

ஆக, மருமகனுக்கு நான் சொன்னது இது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆட்டுக் கொழுப்பு இரண்டு பங்கு, மெழுகு ஒரு பங்கு. வெயில் காலத்தில் இரண்டும் சம பங்கு, அந்த இரண்டும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய். 100 கிராம் மெழுகு, 100 கிராம் கொழுப்பு, 20 கிராம் விளக்கெண்ணெய் போட்டால் ஒரு பருவத்துக்குத் தாராளம். ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வைத்தால் ஃப்ரிட்ஜில். கொழுப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு மெழுகு மூன்று பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு, ஆலிவ் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒன்று. குளிர் வந்தால் அந்த ஒன்றை இரண்டாக்கினால் சரி. இந்தக் கலவையில் நான் சுட்ட பதின்மூன்றிலும் கோல் எங்கும் தயங்கவில்லை.

"நீங்க வரும்போது அங்கேருந்தே செஞ்சு எடுத்துட்டு வந்துடுங்களேன் மாமா" என்றான். முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை. கொழுப்பைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை. அங்கேயே கறிக்கடையில் சுயிஃப் (இந்தக் கொழுப்புக்குப் பிரெஞ்சுப் பெயர்) என்று கேள், ஆட்டுடையதா என்று இரண்டு முறை கேள் என்றேன். மெழுகைத் தேனீ வளர்ப்பவரிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். சின்னப் பாத்திரத்தில் வெள்ளை வட்டு. திருப்பிக் காட்டச் சொன்னேன். அடியில் பழுப்பு ஏடு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. சுரண்டிவிட்டு இன்னும் இரண்டு முறை உருக்கச் சொல்லியிருக்கிறேன்.